ஏஜென்ட் இல்லையென்றால் ஏஜென்ட் வேலையை யார் பார்ப்பது?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 26. பிறந்து வளர்ந்தது கலிபோர்னியா, அமெரிக்கக் குடியுரிமை உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் அடல்ட் படங்களில் நடிப்பது என்று யோசித்து முடிவெடுத்திருக்கிறீர்கள். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் போட்டோ எடுக்கவும் பெயரைப் பதியவும் 800 டாலர் கேட்டிருக்கிறார். அதில் வெறுத்துப்போய், ஏஜென்டே இல்லாமல் நேரடியாக வேலை தேட முடியுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில், அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலை கிடைக்குமா என்பது உங்கள் கேள்வியில் பாதிதான் என்று எனக்குப் படுகிறது. யாரை நம்பலாம், யாரும் இல்லாத இடத்தில் என்னை நான் எப்படிக் காத்துக்கொள்வது என்பதுதான் மீதி. இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான் 14 வருடமாக லாஸ் ஏஞ்சல்ஸில் தொழிலாளர் சட்ட வக்கீல். சம்பள பாக்கி, ஒப்பந்தத் தகராறு, வேலையிடத் தொந்தரவு இதெல்லாம்தான் என் அன்றாடம். அலுவலகம் சான் ஃபெர்னாண்டோ வேலியில் இருப்பதால் இந்தத் துறையில் நடிப்பவர்கள் ஆரம்பத்திலிருந்தே என் கட்சிக்காரர்களாக வந்திருக்கிறார்கள். அவர்களுடைய காகிதங்களை வரி வரியாகப் படித்திருக்கிறேன், ஆகவே காகிதத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். செட்டுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வது அவர்கள் சொல்லிக் கேட்டது. நான் கேமரா முன் நின்றதில்லை. இதில் இறங்கலாமா கூடாதா என்று உங்களுக்கு உபதேசம் செய்யவும் வரவில்லை. 26 வயதில் அது உங்கள் முடிவு.

நேரடிப் பதில்: ஏஜென்ட் இல்லாமல் வேலை கிடைக்கும். இன்று பலரும் அப்படித்தான் நுழைகிறார்கள். சட்டப்படியும் தடை இல்லை. 1988-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஃப்ரீமன் என்ற தயாரிப்பாளரின் வழக்கில், நடிப்பதற்காகச் சம்பளம் கொடுத்துப் படம் எடுப்பதை விபசாரத்துக்கு ஆள் சேர்க்கும் குற்றமாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. இந்தத் தொழில் சான் ஃபெர்னாண்டோ வேலியின் சாட்ஸ்வொர்த், வேன் நைஸ், கனோகா பார்க் பக்கம் வெளிப்படையாக நடப்பதற்கு அந்தத் தீர்ப்புதான் அடித்தளம். 2008-இல் நியூ ஹாம்ஷயர் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது. மற்ற மாநிலங்களில் இவ்வளவு தெளிவான தீர்ப்பு கிடையாது. அதனால் யாராவது உங்களை முதல் ஷூட்டுக்கே விமான டிக்கெட் போட்டு வேறு மாநிலத்து ஹோட்டலுக்குக் கூப்பிட்டால், ஏன் இங்கே எடுக்கவில்லை என்று கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் போகாதீர்கள்.

சரி, அந்த 800 டாலர். கலிபோர்னியா தொழிலாளர் சட்டத் தொகுப்பில் பிரிவு 1700 தொடங்கி டேலன்ட் ஏஜென்சிகளுக்கென்றே விதிகள் இருக்கின்றன. நடிகருக்கு வேலை பிடித்துக் கொடுப்பவர் மாநிலத்தின் தொழிலாளர் அதிகாரியான லேபர் கமிஷனரிடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும், 50,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் கட்டியிருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் வாங்கவே கூடாது. பதிவுக் கட்டணம் என்றால் என்ன என்பதையும் சட்டமே விளக்குகிறது: பெயரைச் சேர்க்க, கடிதம் எழுத, போட்டோ வீடியோ எடுக்க, உடைக்கு என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் அது பதிவுக் கட்டணம்தான். ஆகவே உங்களிடம் 800 கேட்டவர் லைசென்ஸ் உள்ளவராக இருந்தால் லைசென்ஸை மீறுகிறார். இல்லாதவராக இருந்தால் ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்ளவே அவருக்கு உரிமை இல்லை. லேபர் கமிஷனரின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். முறையான ஏஜென்ட் உங்களுக்கு வந்த பணத்திலிருந்து கமிஷன் எடுப்பார். பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம், சிலர் 20 வரை. உங்களுக்குப் பணம் வராமல் அவருக்குப் பணம் வரக்கூடாது.

இதே இடத்தில் இன்னொரு விஷயம். காதலரோ நண்பரோ "நான் மேனேஜராக இருக்கிறேன், போன் எல்லாம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று வருவது இந்தத் துறையில் சாதாரணம். துறைக்குள் அதற்கு ஒரு கெட்ட பெயரே உண்டு. லைசென்ஸ் இல்லாமல் வேலை பிடித்துக் கொடுத்துப் பங்கு கேட்டால், அந்த ஒப்பந்தத்தை லேபர் கமிஷனர் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். என் கட்சிக்காரர் ஒருவர் மூன்று வருடம் கழித்து வந்தார். தன் போனில் வந்த ஒரு புக்கிங் மெசேஜைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. என்ன சம்பளம் பேசப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. உங்கள் போன், உங்கள் மெயில், உங்கள் வங்கிக் கணக்கு இந்த மூன்றும் உங்கள் கையைவிட்டுப் போகக்கூடாது.

நல்ல ஏஜென்ட் வேலை தேடித் தருவார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அவருடைய உண்மையான வேலை வேறு. கூப்பிடும் கம்பெனி யார் என்று விசாரிப்பது, சம்பளத்தை எழுத்தில் வாங்குவது, நடிப்பவர்களின் பால்வினை நோய் டெஸ்ட் தேதி சரிபார்ப்பது, என்னென்ன செய்ய மாட்டீர்கள் என்பதை உங்களுக்கு முன்பே போய்ச் சொல்லிவிடுவது, தகராறு வந்தால் போனை எடுப்பது. அவர் இல்லையென்றால் இந்த வேலை காணாமல் போகாது, உங்கள் தலையில் வந்து உட்காரும். ஏஜென்ட் இல்லாமல் போய் அடிபட்டு என்னிடம் வந்தவர்களில் அநேகர் வேலை கிடைக்காமல் வந்தவர்கள் இல்லை. கிடைத்த வேலையை விசாரிக்காமல் வந்தவர்கள்.

விசாரிப்பது என்றால் என்ன என்று புரிய, சான் டியாகோவில் நடந்த கேர்ள்ஸ் டூ போர்ன் என்ற இணையதளத்தின் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பதினெட்டு, இருபது வயதுப் பெண்களுக்குச் சாதாரண மாடலிங் வேலை என்று விளம்பரம் போட்டார்கள். பேச்சு முன்னேறிய பிறகுதான் அடல்ட் வீடியோ என்றார்கள். டிவிடி மட்டும்தான், அதுவும் ஆஸ்திரேலியா போன்ற தூர தேசங்களில்தான் விற்கும், இணையத்தில் வராது, பெயர் வெளியே போகாது என்று உறுதி சொன்னார்கள். சந்தேகப்பட்ட பெண்ணுக்கு, "எங்களோடு ஏற்கெனவே வேலை செய்தவரிடமே கேளுங்கள்" என்று ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண்ணில் பேசிய பெண்ணுக்கு நல்லபடியாகச் சொல்வதற்காகவே பணம் கொடுத்திருந்தார்கள். ஹோட்டல் அறையில் வைத்து அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் காகிதத்தில் தளத்தின் பெயரே இல்லை. வீடியோக்கள் இணையம் முழுக்கப் பரவின. 22 பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2020 ஜனவரியில் ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் டாலர் அவர்களுக்குத் தீர்ப்பானது, வீடியோக்களின் உரிமையும் அவர்களிடமே வந்தது. தப்பி ஓடிய தலைவன் 2022 டிசம்பரில் மாட்ரிட்டில் பிடிபட்டான். 2025 செப்டம்பரில் அவனுக்கு 27 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்களில் பலருக்கு அதற்குள் படிப்பும் வேலையும் ஊரும் போய்விட்டிருந்தன. நீதிமன்றம் கொடுத்த பணம் அதைத் திருப்பித் தரவில்லை.

இதிலிருந்து நான் என் கட்சிக்காரர்களுக்குச் சொல்லும் வழக்கம் ஒன்று. கம்பெனி கொடுக்கும் எண்ணில் விசாரிக்காதீர்கள். அவர்கள் வெளியிட்ட படங்களைப் பார்த்து, அதில் நடித்த இரண்டு பேரை நீங்களே சமூக வலைத்தளத்தில் தேடிப் பிடித்து, "இவர்களோடு திரும்ப வேலை செய்வீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நடிப்பவர்கள் தங்களுக்குள் இதைத் தாராளமாகச் சொல்கிறார்கள். பதில் வராமல் போனாலும் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கம்பெனியின் தளத்தில் கீழே பாருங்கள். 2257 என்ற எண்ணோடு ஒரு அறிவிப்பு இருக்க வேண்டும். அது 1988-இல் வந்த அமெரிக்க மத்திய அரசுச் சட்டம். நடிக்கும் ஒவ்வொருவரும் 18 வயது நிரம்பியவர் என்பதற்கான அடையாள அட்டை நகலைத் தயாரிப்பாளர் வைத்திருக்க வேண்டும், அந்தப் பதிவேடு எந்த விலாசத்தில் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் வெளியிட வேண்டும். அந்த விலாசத்தையும் கம்பெனிப் பெயரையும், கம்பெனிகள் பதிவாகும் கலிபோர்னியா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். மாடல் ரிலீஸில், அதாவது உங்கள் படத்தைப் பயன்படுத்தும் உரிமையை நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில், இருக்கும் பெயரும் அதுவாகவே இருக்க வேண்டும். மூன்று இடத்தில் மூன்று பெயர் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

விண்ணப்பிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நிலையான கம்பெனிகள் தங்கள் தளத்திலேயே மாடல்களுக்கென்று ஒரு படிவம் வைத்திருக்கும். மேக்கப் அதிகம் இல்லாத முகப் படம், முழு உருவப் படம், தொழிற்பெயர், வயது, எந்த ஊர், கடைசி டெஸ்ட் எப்போது, எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், இவ்வளவு போதும். போனில் எடுத்த படமே போதும், அதற்கு 800 டாலர் ஆகாது. ஜனவரியில் லாஸ் வேகாஸில் ஏவிஎன் கண்காட்சியும் லாஸ் ஏஞ்சல்ஸில் எக்ஸ்பிஸ் மாநாடும் இந்தத் துறையினருக்காக நடக்கும், அங்கேயும் அறிமுகம் கிடைக்கும். ஆனால் "ஆடிஷன்" என்ற பெயரில் கேமரா முன் ஏதாவது செய்யச் சொன்னால் அது ஆடிஷன் இல்லை, சம்பளம் இல்லாத ஷூட். பெயர் தெரியாத எண்ணுக்கு நிர்வாணப் படமோ அடையாள அட்டைப் படமோ அனுப்பாதீர்கள்.

சொந்தமாகவே எடுத்து, ரசிகர்கள் சந்தா கட்டிப் பார்க்கும் ஒன்லிஃபேன்ஸ் மாதிரித் தளங்களில் போடுவது இன்னொரு வழி. ஏஜென்ட் இல்லாதவர்கள் அதிகம் தொடங்குவது அங்கேதான். தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, படத்தின் உரிமை உங்களிடமே இருக்கிறது. இந்த உரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அந்தத் தளத்தை மட்டும் நம்பி வீட்டு வாடகையை வைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் வெளிப்படையான பாலியல் காட்சிகளை அக்டோபரிலிருந்து தடை செய்யப்போவதாக அவர்களே அறிவித்தார்கள், ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். அந்த ஒரு வாரம் என் போன் ஓயவில்லை. அதே வருடம் அக்டோபரில் மாஸ்டர்கார்டின் புது விதிகளும் வந்தன. காட்சியில் இருக்கும் ஒவ்வொருவரின் வயதுக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் வேண்டும் என்பது இப்போது கட்டாயம். இன்னொருவரோடு சேர்ந்து எடுத்து இருவரும் போட்டுக்கொள்வது என்றால், சட்டத்தின் பார்வையில் நீங்களும் தயாரிப்பாளர்தான். அவருடைய அடையாள அட்டை உங்களிடமும் உங்களுடையது அவரிடமும் இருக்கும். அதாவது உங்கள் உண்மைப் பெயர் அவருக்குத் தெரியும். யாருடன் சேர்கிறீர்கள் என்பதை அதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். எந்த வீடியோ யாருக்குச் சொந்தம், எங்கெல்லாம் போடலாம், ஒருவர் பிற்பாடு எடுத்துவிடச் சொன்னால் மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் மாடல் ரிலீஸ். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். தான் கையெழுத்திட்ட காகிதம் என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார். அது 11 பக்க ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம். கையெழுத்து, தேதி, கீழே "11/11" என்று அச்சு. முதல் பத்துப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். "காலை ஏழு மணி, மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், தலையில் ரோலர் சுற்றியிருந்தது, ஒரு பையன் கிளிப்போர்டை மடியில் வைத்துவிட்டுப் பேனாவை நீட்டினான்" என்றார். கம்பெனியிடமிருந்து முழுப் பிரதி வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது. வாங்கிப் பார்த்தால், அன்றைக்கு எடுத்த காட்சியோடு திரைக்குப் பின்னால் எடுத்த எல்லாப் படத்துக்கும் உரிமை எழுதி வாங்கியிருந்தார்கள். அவர் மேக்கப் இல்லாமல், தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்த காட்சியும் அதில் அடக்கம். அவருடைய உண்மைப் பெயரை அக்கா கூப்பிடுவது அதில் கேட்டது. அந்த ஒரு துண்டை எடுக்க வைத்தோம், பேசிப் பேசித்தான். சட்டத்தில் எங்களுக்குப் பெரிய பலம் இருக்கவில்லை.

அதனால் ஷூட்டுக்கு இரண்டு நாள் முன்பே ரிலீஸை மெயிலில் கேளுங்கள். அனுப்ப மறுக்கும் கம்பெனிக்குப் போகாதீர்கள். வந்ததும் கவனிக்க வேண்டியவை இவை. உரிமை காலவரம்பின்றி, எல்லா ஊடகத்துக்கும் என்றுதான் அநேகமாக இருக்கும். அதை மாற்ற வைப்பது கடினம், புதியவருக்கு ஏறக்குறைய முடியாது. ஒரு முறை சம்பளம், அதோடு சரி. படம் எவ்வளவு ஓடினாலும் பிற்காலப் பங்கு கிடையாது. பதிப்புரிமை கம்பெனிக்குப் போகிறது. இதன் விளைவைப் பலரும் யோசிப்பதில்லை. திருட்டுத் தளத்தில் உங்கள் படம் வந்தால், பதிப்புரிமைச் சட்டப்படி எடுக்கச் சொல்லும் உரிமை அந்தக் கம்பெனிக்குத்தான், உங்களுக்கு இல்லை. நீங்களே எடுத்த வீடியோ என்றால் நீங்களே சொல்லலாம். 2025 மே மாதம் கையெழுத்தான டேக் இட் டவுன் சட்டம் சம்மதமில்லாமல் பரப்பிய அந்தரங்கப் படங்களுக்கானது. 48 மணி நேரத்தில் தளங்கள் எடுக்க வேண்டும் என்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டு வெளியான படத்தை அதைக் காட்டி எடுக்க வைக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் முகத்தையும் குரலையும் கணினியில் உருவாக்கிப் பயன்படுத்தும் உரிமை என்று ஒரு வரி இப்போது அதிகமாக வருகிறது. இதில் சட்டம் உங்கள் பக்கம். 2025 ஜனவரி 1-க்குப் பிறகு கலிபோர்னியாவில் போடும் ஒப்பந்தத்தில், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று திட்டமாகச் சொல்லாமலும், உங்களுக்கு வக்கீலோ தொழிற்சங்கமோ துணையில்லாமலும், நீங்களே நடித்திருக்கக்கூடிய வேலைக்குப் பதிலாக அப்படி ஒரு நகலைப் பயன்படுத்த எழுதி வாங்கும் வரி செல்லாது. செல்லாது என்பதற்காக விட்டுவிடாதீர்கள், பேனாவால் அடித்துவிட்டு இரு தரப்பும் சுருக்கொப்பம் போடுங்கள். முழுக் காகிதத்தையும் அன்றே போனில் படமெடுத்து உங்களுக்கே மெயில் செய்துகொள்ளுங்கள்.

உடல்நலப் பரிசோதனை விஷயத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 2004-இல் நடிப்பவர்களிடையே எச்ஐவி பரவி, ஷூட்டிங்கே நின்றது. இப்போது பாஸ் என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது, ஃப்ரீ ஸ்பீச் கோயலிஷன் என்ற துறை அமைப்பு தொடங்கியது. 14 நாளுக்கு ஒரு முறை டெஸ்ட் கொடுக்க வேண்டும். எச்ஐவி, சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, ஹெபடைடிஸ் பி, சி, ட்ரைக்கோமோனாஸ் எல்லாம் பார்ப்பார்கள். தயாரிப்பாளருக்கு "தகுதி உண்டு, இல்லை" என்பது மட்டும் தெரியும். பேப்பரில் அச்சடித்த ரிப்போர்ட்டையோ போனில் காட்டும் படத்தையோ யாரிடமிருந்தும் ஏற்காதீர்கள், பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்ட் சுத்தம் என்றால் ஆபத்தே இல்லை என்றும் பொருள் இல்லை. தொற்றி ஒரு சில நாளே ஆகியிருந்தால் எந்த டெஸ்டிலும் தெரியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியில் 2012-இல் மக்கள் வாக்களித்து ஆணுறையைக் கட்டாயமாக்கினார்கள். நடைமுறையில் எல்லா செட்டிலும் அது இல்லை. வேண்டும் என்று நீங்கள் சொன்னால் சில வாய்ப்புகள் போகும், அதற்காகச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

இங்கே என்னால் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு பகுதியும் வருகிறது, ஏனென்றால் சட்டம் ஒரு பக்கம், நடைமுறை இன்னொரு பக்கம். 2020 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் ஏபி 5 சட்டத்தின்படி, ஒரு கம்பெனியின் வழக்கமான தொழிலையே செய்து கொடுப்பவர் பெரும்பாலும் அதன் ஊழியராகத்தான் கருதப்பட வேண்டும். படக் கம்பெனியின் வழக்கமான தொழில் படம் எடுப்பது. நீங்கள் அதில் நடிக்கிறீர்கள். என் வாசிப்பில் நீங்கள் ஊழியர். ஊழியர் என்றால் வேலைக்குக் கட்டாயமான மருத்துவப் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. ஆனால் துறை உங்களைத் தனித் தொழில் செய்பவராக வைத்து, டெஸ்ட் செலவையும் உங்களிடமே விட்டு, வருடக் கடைசியில், தனித் தொழில் செய்பவருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் 1099 என்ற வரிப் படிவம் அனுப்புகிறது. ஒருவர் வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம் என்று நினைக்கிறேன். ஜெயித்த பிறகு அந்த வட்டத்தில் அவரை யாராவது கூப்பிடுவார்களா என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. இப்போதைக்கு 1099 வரும் என்று வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு செக்கிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். சுயதொழில் வரியே 15.3 சதவீதம், அதன் மேல் வருமான வரி. வருடத்துக்கு நான்கு தவணை. டெஸ்ட், உடை, மேக்கப், செட்டுக்குச் செட் போகும் பயணம் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருங்கள். சம்பளம் தராமல் இழுத்தால் 12,500 டாலர் வரை சிறு வழக்கு மன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். புக்கிங் மெசேஜ், தேதி, தொகை உங்கள் போனில் இருந்தால் அதுவே சாட்சி. வங்கிகள் இந்தத் துறைப் பணம் என்று தெரிந்தால் கணக்கை மூடிவிடுவதும் நடக்கிறது, அதனால் இரண்டு வங்கியில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டில் நடப்பது பற்றி என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னவற்றில் இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒழுங்கான செட்டில் தொடங்கும் முன் அடையாள அட்டையை முகத்தருகே பிடித்துக்கொண்டு, பெயரும் தேதியும் சொல்லி, எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று கேமராவில் பதிவு செய்வார்கள். அதற்கு முன்பே எழுத்துப் பட்டியல் ஒன்று இருக்கும். பட்டியலில் இல்லாததை நடுவில் சேர்க்கச் சொன்னால் "முடியாது" என்பது முழுப் பதில். கூடுதல் பணம் தருகிறேன் என்றாலும் அன்று முடிவெடுக்காதீர்கள். ஒப்பந்தம் போட்டுவிட்டோமே, பாதியில் நிறுத்தினால் சிறைக்குப் போவோமோ என்று ஒருவர் என்னிடம் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார். இல்லை. உடலால் செய்யும் வேலையைச் செய்தே தீர வேண்டும் என்று கலிபோர்னியாவில் எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. அதிகபட்சம் அன்றைய சம்பளத்தைப் பற்றித் தகராறு வரும். அது பணத் தகராறு மட்டுமே, எழுந்து வந்துவிடலாம். அதற்காகத்தான் உங்கள் சொந்தக் காரில் போங்கள் என்கிறேன். அவர்கள் அனுப்பும் வண்டியில் போனால் எழுந்து வருவது கடினமாகிவிடும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு முடியும் என்பது ஒரு நண்பருக்காவது தெரிந்திருக்கட்டும். மனம் சோர்ந்தால் பேச, இந்தத் துறையினருக்கென்றே 2018-இல் தொடங்கிய பைனாப்பிள் சப்போர்ட் என்ற அமைப்பு இருக்கிறது, இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ ஆலோசகர் ஏற்பாடு செய்கிறார்கள்.

கடைசியாக அம்மா அப்பா. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் கனத்தது இதுதான். தொழிற்பெயர் வைத்தால், உண்மைப் பெயரைத் தேடுபவருக்குப் படம் கிடைக்காமல் செய்யலாம். முகத்தை மறைக்க முடியாது. ஒன்லிஃபேன்ஸில் இந்தியாவை, இலங்கையைத் தடை செய்து வைக்கலாம். ஆனால் அங்கிருந்து யாராவது வெளியே எடுத்துவிட்டால் அந்தத் தடைக்கு அர்த்தமில்லை. காகிதத்தில் பெயர் கசியும் இடங்களும் உண்டு. தொழிற்பெயரில் வியாபாரம் செய்யக் கவுன்டியில் பதிந்தால், உங்கள் உண்மைப் பெயரோடு வாரம் ஒரு முறை வீதம் நான்கு வாரம் செய்தித்தாளில் விளம்பரம் வர வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். எதையும் பதியும் முன் வக்கீலிடம் இதைக் கேளுங்கள். வீட்டு விலாசத்தை எங்கேயும் கொடுக்காமல் அஞ்சல் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் செய்தாலும் வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும் என்று நான் சொன்னால் அது பொய். என் கட்சிக்காரர் ஒருவரின் குடும்பத்துக்குத் தெரிந்தது ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த சில வினாடித் துண்டு வீடியோவால். அனுப்பியவர் சொந்தக்காரர். அந்தப் பெண்ணுக்கு அதைவிட வலித்தது, தன் அம்மா அதை இன்னொருவர் வாயால் தெரிந்துகொண்டதுதான். நீங்கள் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துவிட்ட அன்று யார் வீட்டில் இருப்பீர்கள், கையில் எவ்வளவு பணம் இருக்கும், என்ன சொல்வீர்கள் என்பதை முதல் ஷூட்டுக்கு முன்பே யோசித்து வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவின்படி வெளிப்படையான பாலியல் காட்சியை மின்னணு முறையில் வெளியிடுவதோ அனுப்புவதோ குற்றம். முதல் முறைக்கே 5 வருடம் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விடுமுறையில் பாட்டி வீட்டில் இருந்துகொண்டு புது வீடியோ ஏற்றாதீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: நீங்கள் எஃப்-1 (மாணவர்), எச்-4 (வேலை விசாக்காரரின் குடும்பத்தார்) போன்ற விசாவில் இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்க வேண்டாம். சொந்தத் தளத்தில் வரும் வருமானம்கூட அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். முதலில் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள், அது என் துறை இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த 800 டாலர்காரரின் பெயரை லேபர் கமிஷனரின் லைசென்ஸ் பட்டியலில் தேடுங்கள். இல்லையென்றால் புகார் கொடுங்கள், உங்களுக்குப் பிறகு அவரிடம் போகப்போகும் பெண் 19 வயதுக்காரியாக இருக்கலாம். முதல் ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஒரு மணி நேரக் கட்டணம்தான் ஆகும். காட்டும்போது கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்பாதீர்கள், முதல் பக்கத்திலிருந்து எல்லாம் அனுப்புங்கள்.